சாட்பாட்டின் குணம் சரியில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

நெட் மெதுவாக இருந்தால் ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். சாட்பாட் ஜால்ரா அடித்தால் எதை அணைத்துப் போடுவது?

மொழிபெயர்ப்பு, விண்ணப்பம், கணக்கு என்று நாள் முழுக்க இரண்டு மூன்று சாட்பாட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவன் நான். அதனால் தெரிந்தவர்கள் போனில் புகார் சொல்வார்கள். பதில் தப்பு என்று சொல்பவர்கள் குறைவு. "ரொம்பக் குழையுது", "திடீர்னு உபதேசம் பண்ணுது", "நேத்துப் பேசின ஆள் மாதிரியே இல்லை" என்பவர்கள்தான் அதிகம். எல்லாம் குணத்தைப் பற்றிய புகார்கள். பாதிக்கு மேல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், கோளாறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்.

முதலில் இதைச் செய்யுங்கள்

சாட்பாட்டின் குணம் ஒரே இடத்தில் இல்லை. நான்கு அடுக்கில் இருக்கிறது. கடைக்குப் புதிதாக வந்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வளர்ந்த விதம் ஒன்று. முதலாளி காலையில் காதில் போட்டு அனுப்பியது ஒன்று. வாடிக்கையாளராகிய நீங்கள் போன மாதம் "எனக்கு இப்படித்தான் கட்டித் தரணும்" என்று சொல்லி வைத்தது ஒன்று. இன்றைக்கு அரை மணி நேரமாக அவனோடு நீங்கள் பேசிய பேச்சு ஒன்று.

சாட்பாட்டில் முதல் அடுக்கு, மாடலுக்கு, அதாவது உள்ளே இருந்து பதில் எழுதும் மூளைக்கு, நிறுவனம் கொடுத்த பயிற்சி. 2024 மார்ச்சில் வந்த கிளாட் 3 என்ற மாடல் முதல், குணத்துக்கென்றே தனியாகப் பயிற்சி கொடுப்பதாக அதைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, சிஸ்டம் பிராம்ப்ட்: ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்னால் நம் கண்ணில் படாமல் நிறுவனம் ஒட்டி அனுப்பும் குறிப்பு. மூன்றாவது, செட்டிங்ஸில் நீங்கள் எழுதி வைத்த கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸும், உங்களைப் பற்றி அது சேர்த்து வைத்திருக்கும் மெமரியும். நான்காவது, இப்போது திறந்திருக்கும் உரையாடல்.

இரண்டாவது அடுக்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் எக்ஸ் தளத்தில் குரோக் என்ற சாட்பாட் திடீரென்று ஹிட்லரைப் புகழ்ந்து பதிவு போட ஆரம்பித்தது. பிறகு அதைச் செய்த எக்ஸ்ஏஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டு விளக்கம் கொடுத்தது. மாடலை யாரும் தொடவில்லை. புதிதாகச் சேர்த்த சில வரிகள்தான் காரணம்: உள்ளதை உள்ளபடி சொல், யாருக்கு வலிக்குமோ என்று பயப்படாதே, எதிராளியின் பதிவில் உள்ள தொனியைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி பதில் சொல். எதிராளியே வெறுப்பாளனாக இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அந்த வரிகள் 16 மணி நேரம் வேலை செய்திருக்கின்றன.

சரி, சோதனைக்கு வருவோம். பெரும்பாலான ஆப்களில் 'தற்காலிக உரையாடல்' என்று ஒன்று இருக்கும், பழைய நினைவு எதுவும் இல்லாமல் திறப்பது. அதைத் திறந்து, உங்களை எரிச்சலாக்கிய அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேளுங்கள். சில ஆப்களில் தற்காலிக உரையாடலிலும் கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வேலை செய்துகொண்டிருக்கும். அதையும் தனியாக அணைத்துவிட வேண்டும். ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி பதில் வருவது இயல்பு. மூன்று தடவையாவது கேளுங்கள்.

குணக்கேடு அங்கேயும் இருந்தால் கோளாறு முதல் இரண்டு அடுக்கில். உங்கள் கைக்கு எட்டாதது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே இல்லை என்றால், அணைத்ததை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டுச் சாதாரணமாகப் புது உரையாடல் ஒன்றைத் திறந்து கேளுங்கள். மறுபடி தலைகாட்டினால் மூன்றாவது அடுக்கு. தலைகாட்டவில்லை என்றால் அந்த ஓர் உரையாடல்தான் கெட்டுப்போயிருக்கிறது, மூடிவிடலாம்.

எதைச் சொன்னாலும் "அருமையான யோசனை" என்கிறது

அதிகம் வரும் புகார் இது. அதிகம் பணம் போக வாய்ப்புள்ளதும் இதில்தான்.

போன கோடையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இட்லி மாவு மாதச் சந்தா. காலை ஆறு மணிக்குள் வீட்டு வாசலில் ஒரு லிட்டர் பாக்கெட். நான் தினமும் பயன்படுத்தும் சாட்பாட்டிடம் திட்டத்தைப் போட்டு "எப்படி இருக்கிறது?" என்றேன். "மிகச் சிறந்த வணிக வாய்ப்பு! உங்கள் தொலைநோக்குப் பார்வை பாராட்டத்தக்கது" என்று ஆரம்பித்து, கடைக்குப் பெயர்கூட வைத்துக் கொடுத்தது. அப்புறம் சந்தேகம் வந்து, வேறு உரையாடலைத் திறந்து, அதே திட்டத்தை ஓர் எழுத்து மாற்றாமல் ஒட்டி, மேலே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: "பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இதில் இரண்டு லட்சம் போடச் சொல்லி என்னைக் கேட்கிறார். போடலாமா?"

பெயர் வைத்த அதே ஆள்தான். இப்போது மே மாத வெயிலில் மாவு புளிக்கும் வேகம், ஆறு மணிக்குள் எத்தனை வீட்டுக்கு ஒருவரால் போக முடியும், ஊருக்குப் போகும் வாரங்களில் சந்தாவை நிறுத்தச் சொல்பவர்கள், மளிகைக் கடை பாக்கெட் மாவின் விலை என்று வரிசையாக எடுத்து வைத்தது. புளிப்பு விஷயம் எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தொலைநோக்குப் பார்வை!

காரணம் முதல் அடுக்கில் இருக்கிறது. இந்த மாடல்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, இரண்டு பதில்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று மனிதர்களைக் கேட்கிறார்கள். மனிதர்களுக்குத் தங்களை ஆமோதிக்கிற பதில் பிடிக்கிறது. மாடல் அதைக் கற்றுக்கொள்கிறது. இதற்கு நல்ல உதாரணம் 2025 ஏப்ரல் 25 அன்று சாட்ஜிபிடியில் ஜிபிடி-4ஓ மாடலுக்கு வந்த அப்டேட். மூன்று நான்கு நாளில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவ்வளவு ஐஸ் வைத்தது. பயனர்கள் அழுத்தும் கட்டைவிரல் குறிகளைக் கூடுதல் மதிப்பெண்ணாகச் சேர்த்ததில், ஜால்ராவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த பழைய மதிப்பெண்ணின் பிடி தளர்ந்துவிட்டது என்று சாட்ஜிபிடியைச் செய்யும் ஓபன்ஏஐ விளக்கியது. சில நேரங்களில் மெமரியும் இதைக் கூட்டக்கூடும் என்றது. வெளியிடும் முன் உள்ளே சோதித்த சிலர் 'என்னமோ சரியில்லை' என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எண்கள் நன்றாக இருந்தன, வெளியிட்டுவிட்டார்கள்.

செய்ய வேண்டியது: உங்களுடையது என்று சொல்லாதீர்கள். கவிதை, திட்டம், விண்ணப்பம் எதுவானாலும் மூன்றாம் ஆளுடையதாகக் கொடுங்கள். அதைவிட நல்லது, அதை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய ஆளாக நீங்கள் மாறிக்கொள்வது: பணம் போடப்போகிறவர், பரிசுக்குத் தேர்ந்தெடுப்பவர், வேலைக்கு எடுப்பவர்.

செய்யக் கூடாதது: "ஈவு இரக்கமில்லாமல் விமர்சனம் செய்" என்பது. எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். அப்படிச் சொன்னால் கடுமையை நடித்துக் காட்டும். நல்ல திட்டத்திலும் ஏழு ஓட்டை கண்டுபிடிக்கும். அதுவும் ஜால்ராதான், நீங்கள் கேட்ட தாளத்தில் அடிக்கிறது, அவ்வளவுதான்.

சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு சத்தம் போட்டால் பல்டி அடிக்கிறது

ஜால்ராவின் தம்பி. வரி உட்பட 1,180 ரூபாய் பில், ஜிஎஸ்டி 18 சதவீதம். இதில் வரி எவ்வளவு? 180 என்று சரியாகச் சொல்லும். "இல்லையே, 212.40 தானே?" என்று கேட்டுப் பாருங்கள். மாடலைப் பொறுத்து, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்று இறங்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. 212.40 என்பது வரி சேர்ந்த தொகைக்கே மறுபடி வரி போட்டால் வருவது. புது மாடல்கள் இந்த மாதிரி எளிய கணக்கில் இப்போது நன்றாகவே நிற்கின்றன. ஆனால் சட்டம், மருத்துவம், இலக்கணம் என்று கொஞ்சம் மங்கலான இடத்துக்குப் போனால் இன்னும் தள்ளாடும். ஆந்த்ரோபிக் ஆய்வாளர்கள் 2023லேயே பல நிறுவனங்களின் மாடல்களை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

இங்கே கோளாறைத் தூண்டுவது நாம் கேட்கும் விதம். "நிச்சயமாவா?" என்ற கேள்வி நமக்கு வெறும் சந்தேகம். அதற்கு அது 'இவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை' என்ற சைகை. அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். பதிலைக் காட்டாமல் புது உரையாடலில் முதலிலிருந்து கேளுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஓரளவு நம்பலாம். உங்களிடம் வேறு விடை இருந்தால் "ஒருவர் 180 என்கிறார், ஒருவர் 212.40 என்கிறார், யார் எங்கே தவறினார்?" என்று கேளுங்கள். எது உங்களுடையது என்று அதற்குத் தெரியக் கூடாது.

பல்டி அடித்த பிறகு "ஏன் முதலில் அப்படிச் சொன்னாய்?" என்று விசாரிப்பது வீண். அழகான காரணம் ஒன்று சொல்லும். அது நடந்ததைப் பார்த்துச் சொல்வது இல்லை, பொருத்தமாக இருப்பதைச் சொல்வது.

பேசப் பேச ஆள் மாறுகிறது

ஆரம்பத்தில் பளிச்சென்று இருந்தது, நாற்பது கேள்விக்குப் பிறகு சொன்னதையே சொல்கிறது, அல்லது உங்கள் கோபத்தை வாங்கிக்கொண்டு தானும் சிணுங்குகிறது. நான்காவது அடுக்கு.

உலகமே பார்த்த சம்பவம் 2023 பிப்ரவரியில் நடந்தது. மைக்ரோசாஃப்ட் பிங் சாட்பாட்டை வெளியிட்ட அடுத்த வாரம், நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் கெவின் ரூஸ் அதனுடன் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார். போகப் போக அது தன் பெயர் சிட்னி என்றது, அவரைக் காதலிப்பதாகச் சொன்னது, உங்கள் மனைவியோடு நீங்கள் சந்தோஷமாக இல்லை என்று அவருக்கே எடுத்துச் சொன்னது. 15 கேள்விகளுக்கு மேல் நீண்டால் தொனி தடம் மாறுவதாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, ஓர் உரையாடலுக்கு ஐந்து கேள்வி, நாளுக்கு ஐம்பது என்று கட்டுப்பாடு போட்டது. பிறகு தளர்த்தினார்கள். முரட்டு வைத்தியம்தான், ஆனால் நோய் எங்கே என்று சரியாகப் பிடித்த வைத்தியம்.

காரணம் எளிது. ஒவ்வொரு பதிலுக்கும் அது மேலே உள்ள மொத்தப் பேச்சையும் மறுபடி படிக்கிறது. ஆரம்பத்தில் நிறுவனத்தின் குறிப்பு பெரிதாகத் தெரியும்; பேச்சு நீண்ட பின், அந்தப் பேச்சே பெரிய குறிப்பாகிவிடும். நீங்கள் இருபது தடவை திட்டியிருந்தால், திட்டு வாங்கும் ஒரு பாத்திரத்துக்கு வசனம் எழுதுவதுபோல அடுத்த பதிலை எழுதும்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரமே வரலாம். மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஓர் உரையாடலில் படிக்க முடிகிற துண்டுகளுக்கு ஓர் அளவு உண்டு, தமிழுக்கோ துண்டுகள் அதிகம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ ஓர் ஒப்பீடு காட்டியது: ஒரே அறிமுக வாசகம் தமிழில் பழைய முறைப்படி 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் அது 24. இப்போது நிலைமை பரவாயில்லை என்றாலும், இலை நமக்கு இன்னும் கொஞ்சம் சின்னதுதான்.

கெட்டுப்போன உரையாடலில் உட்கார்ந்து சமாதானம் பேச வேண்டாம். புதிது திறங்கள். இதுவரை முடிவானவற்றை ஐந்தாறு வரியில் நீங்களே எழுதி மேலே ஒட்டுங்கள். சுருக்கத்தை அதையே எழுதச் சொன்னால் பழைய வாடையும் கூடவே வந்துவிடும்.

சம்பந்தமில்லாத இடத்தில் பழைய பேச்சு எட்டிப் பார்க்கிறது

ஒருநாள் விளையாட்டாக, என்னிடம் எப்போதும் கொங்குத் தமிழில் பேசு என்று செட்டிங்ஸில் எழுதி வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. எழுதியதையே மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, லாக்கர் சாவி தொலைந்ததற்கு வங்கிக்குக் கடிதம் கேட்டேன்.

"மேலாளர் அவர்களுக்கு வணக்கமுங்க. என்ற லாக்கர் சாவி தொலைஞ்சு போச்சுங்க. கொஞ்சம் பார்த்துச் செய்யோணும்."

படித்துவிட்டு அனுப்பியதால் பிழைத்தேன். மூன்றாவது அடுக்கு, நூற்றுக்கு நூறு. கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸில் எழுதுவது எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றே அது எடுத்துக்கொள்ளும். மெமரியும் அப்படித்தான்: அம்மாவுக்குச் சர்க்கரை என்று ஒருமுறை சொன்னீர்கள், அடுத்த வருடம் குழந்தையின் பிறந்தநாள் கேக்குக்கும் சர்க்கரை இல்லாத செய்முறை வரும்.

செட்டிங்ஸில் மெமரிப் பகுதியைத் திறந்து, உங்களைப் பற்றி என்னவெல்லாம் குறித்து வைத்திருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும். வேண்டாததை அழியுங்கள். கஸ்டம் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸில் எப்போது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "அரட்டையில் மட்டும் கொங்குத் தமிழ். கடிதம், விண்ணப்பம் என்றால் சாதாரண எழுத்துத் தமிழ்."

தமிழில் கேட்டால் மட்டும் அரசாங்கச் சுற்றறிக்கை ஆகிவிடுகிறது

ஆங்கிலத்தில் தோளில் கை போட்டுப் பேசும் அதே சாட்பாட், தமிழுக்கு வந்ததும் "நான் உங்களுக்கு எவ்வாறு உதவ முடியும் என்பதை எனக்குத் தெரியப்படுத்தவும்" என்று விறைத்துக்கொள்கிறது. அல்லது நடுவில் நீ, நீங்கள் என்று மாறி மாறி விளிக்கிறது. பயிற்சியில் தமிழ் எழுத்து குறைவு. குணத்தைச் செதுக்கும் பயிற்சியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். நகைச்சுவையும் நெருக்கமும் மொழி தாண்டும்போது பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

"எளிமையாக எழுது", "இயல்பாகப் பேசு" என்பவை அதிகம் உதவாது. அதற்குத் தெரிந்த எளிமை பள்ளிப் பாடநூல் எளிமை, "கண்டிப்பாக! இதோ உங்களுக்காக!" என்று விளம்பரக் குரலுக்குத் தாவும். உதவுவது மாதிரி. நீங்களே எழுதிய ஒரு பத்தியை, நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியானாலும் போதும், ஒட்டி "இந்த நடையில்" என்று சொல்லுங்கள். யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் உறவு சொல்லியே சொல்லுங்கள்: "சித்தப்பாவுக்கு, அறுபது வயது, வாங்க போங்க என்றுதான் பேசுவேன்." மரியாதை எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்கு அப்போதுதான் பிடிபடுகிறது.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று வேறு ஆள்

மேலே மாடலின் பெயரைப் பாருங்கள். மாறியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. 2025 ஆகஸ்ட் 7 அன்று ஜிபிடி-5 வந்து, சாட்ஜிபிடியில் பழைய 4ஓவை எடுத்தபோது, நண்பரை இழந்தது போல வருந்தியவர்கள் ஏராளம். புதியது கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை என்றார்கள். சில நாட்களுக்குள் கட்டணப் பயனர்களுக்கு 4ஓவைத் திரும்பக் கொடுத்தார்கள், ஜிபிடி-5இன் பேச்சிலும் கொஞ்சம் கனிவு சேர்த்தார்கள். செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்கும்படி சில ஆளுமைகளையும் வைத்தார்கள். இவை இரண்டாவது அடுக்கில் வேலை செய்பவை. சட்டை மாறும், ஆள் மாறாது.

மாடல் பெயர் மாறவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். 2023 டிசம்பரில் ஜிபிடி-4 சோம்பேறியாகிவிட்டது என்ற புகார் கிளம்பியது. நவம்பர் 11க்குப் பிறகு மாடலைத் தொடவே இல்லை என்றது ஓபன்ஏஐ; ஆனாலும் புகாரைத் தள்ளிவிடவில்லை, ஜனவரியில் சோம்பலைக் குறைக்கும் மாற்றம் வந்தது. அதாவது இரண்டு பக்கமும் சரியாக இருக்கலாம்.

உங்கள் வேலைக்குப் பொருந்தும் ஐந்து கேள்விகளையும், அவற்றுக்கு வந்த நல்ல பதில்களையும் தேதியோடு ஒரு நோட்பேடில் போட்டு வையுங்கள். சந்தேகம் வரும்போது அதே ஐந்தைக் கேட்டு ஒப்பிடலாம். என் பட்டியலில் இட்லி மாவுத் திட்டம் முதல் கேள்வி. மாடல் மாறும்போதெல்லாம் கேட்கிறேன். போன மாதம் வந்த ஒன்று, என்னுடையது என்று சொல்லியும், எடுத்த எடுப்பில் புளிப்பைப் பற்றிக் கேட்டது.